பைடிராஜுவின் இடது முழங்கை

வருஷத்தில் இரண்டு தடவை, மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பிரிவுக்குப் பரீட்சை நடக்கும் நாளில், டெய்லர் பைடிராஜு கடையைத் திறக்கமாட்டார். ஷட்டரில் ‘இன்று பரீட்சை’ என்று சாக்பீஸால் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். விசாகப்பட்டினத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, பாவம், இந்த வயதிலும் மனுஷன் பிரைவேட்டாகப் படிக்கிறார் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போவார்கள். அவர் எழுதப் போவதில்லை. கேள்வித்தாளே அவர்தான்.

அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டுவார்.

“அங்க போனதும் கழட்டிப் போடற சட்டைக்கு எதுக்கு மாவா இஸ்திரி?” என்பாள் அவர் மனைவி அப்பயம்மா. புருஷனை ‘மாவா’ என்றுதான், மாமா என்கிற மாதிரி, கூப்பிடுவாள்.

“கழட்டற வரைக்கும் போட்டிருப்பேன் இல்ல?”

“கை கோணலா இருக்கறவன் மறைச்சுக்கிட்டுத் திரிவான். நீ என்னடான்னா மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாதிரி போற.”

“உங்கம்மா வீட்ல என்னிக்குடி எனக்கு இவ்வளவு மரியாதை கெடச்சுது?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டு ரோட்டில் ஏறிவிடுவார்.

அந்த இடது கை இப்படித்தான் இருக்கும். உள்ளங்கை முன்னால் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றால், யாருக்குமே முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி உடம்பை விட்டுச் சற்று வெளியே விலகியிருக்கும். அப்படி விலகியிருப்பதால்தான் வாளி தூக்கினால் தொடையில் இடிப்பதில்லை. பைடிராஜுவுக்கு வலது கை அப்படித்தான். இடது கை மட்டும் முழங்கையில் திரும்பி உடம்பைப் பார்த்து உள்ளே வரும், துப்பாக்கியின் அடிக்கட்டை வளைவது போல. இடது கையில் வாளியைக் கொடுத்தால் அது முட்டியில் டங் டங்கென்று மோதும். வீட்டுக்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் வேட்டியில். வலது கையில் தூக்கலாமே என்று கேட்டால், ஒரே கையில் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனதோடு அந்த வேலையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. குழாய் தெருக்கோடியில், பள்ளத்தில். அப்பயம்மாதான் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிந்தெக் குடங்களில் சுமந்து ஏறுவாள்.

கை கோணலானது சிறுவயதில். விஜயநகரம் பக்கத்துக் கிராமத்தில் யாருடைய தோட்டத்திலோ முந்திரி மரம் ஏறினார். தோட்டக்காரன் கம்போடு வந்தான். இறங்க நேரமில்லை, விழுந்தார். எலும்பு கட்டுகிறவர் முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பிரித்துப் பார்த்தால் இப்படி. “நான் நேராத்தான் கட்டினேன், பையன்தான் உள்ளேயே நெளிஞ்சுட்டான்” என்று அவர் சத்தியம் செய்தார். வலி இல்லை, மடக்க முடிகிறது, நீட்ட முடிகிறது. கை இருக்கிறதே, அது போதும் என்று அம்மா விட்டுவிட்டாள். தையல் படித்தபோதுதான் அந்தக் கோணலின் அருமை தெரிந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் இடது கை தானாகவே ஊசிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சாமி மிஷினைப் பார்த்துத்தான் தன் கையை வளைத்திருக்கிறார் என்று பைடிராஜு மனதார நம்பினார்.

கல்லூரிக்கு எதிர்ச் சரிவில் கடை. மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பதுதான் பிழைப்பு. ஒரு நாள் எலும்புப் பிரிவின் தலைவர் டாக்டர் சோமயாஜுலுவே தன் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். அவர் ஒரு வார்டில் பேசினால் மூன்று வார்டு தள்ளி இருக்கும் நோயாளி எழுந்து உட்காருவான், அப்படிக் குரல். பைடிராஜு அவருடைய முதுகு அகலத்தை அளந்துவிட்டு, நாடாவை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்தார்.

“அசையாதே!” என்று ஒரு கத்தல்.

பைடிராஜு நாடாவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று கண்ணை மட்டும் உருட்டினார்.

“சட்டையக் கழட்டு.”

“பாபு, அளவு உங்களுக்குத்தானே…”

“கழட்டுய்யாங்கறேன்!”

கழட்டினார். சோமயாஜுலு அந்த முழங்கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மடக்கினார், நீட்டினார். மடக்கி வைத்து, உள்பக்கத்து எலும்பு முனை, வெளிப்பக்கத்து முனை, பின்னால் துருத்தும் முனை, மூன்றிலும் மூன்று விரலை வைத்தார். முக்கோணம். நீட்டி வைத்தார். மூன்று விரலும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பெரிய டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்கேய்யா ஒளிஞ்சிருந்தே இத்தனை நாளா? எனக்கு நேர் எதிர்ல! புத்தகத்துல போட்ட படம் மாதிரி இருக்கேய்யா!”

முந்திரி மரம் ஏறி விழுந்ததற்கு அப்பாவிடம் அடியும், ஊரில் ‘வங்கர செய்யி’, கோணல் கை, என்ற பட்டப்பெயரும் வாங்கியிருந்த பைடிராஜுவை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அந்த வருஷமே பரீட்சைக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். கோட்டுக்கு மீதி அளவை எடுக்க இருவருமே மறந்துபோனார்கள்.

பரீட்சை என்றால், வார்டில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு. ஒருவனுக்கு இடுப்பு மூட்டு, ஒருத்திக்குப் பாதம். மாணவர்கள் நடுங்கிக்கொண்டே வந்து தொட்டுப் பார்த்து, என்ன கோளாறு, எந்த எலும்பு, எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். முதல் தடவை பைடிராஜுவின் கட்டிலுக்கு வந்த பையனிடம் சோமயாஜுலு கேட்டார்: “எந்த எலும்புல கோணல்?”

“அல்னா சார்” என்றான் பையன்.

“அல்னாவா!” என்று சோமயாஜுலு கூரை அதிரக் கத்தினார். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகரும் “அல்னாவா!” என்றார். “கேட்டீங்களா, அல்னாவாம்!” என்று பக்கத்துக் கட்டில்காரருக்கும் சொன்னார்.

அல்னா என்பது முழங்கைக்குக் கீழே உள்ள எலும்பு. பைடிராஜுவுக்கு உடைந்ததோ மேலே உள்ள எலும்பு, முழங்கைக்கு ஒட்டினாற்போல. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? படித்த பெரியவர்கள் இத்தனை பேர் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்களென்றால் அதுதான் தன் கோளாறின் பெயராக இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை விழி பிதுங்கி நின்றாலும் அவருக்கு மனசு கேட்காது. பரீட்சகர் அந்தப் பக்கம் திரும்பும்போது உதடு அசையாமல், “அல்னா பாபு, அல்னா” என்று ஓதிவிடுவார்.

சில பேர் தோற்ற பிறகு விடுதியில் விஷயம் பரவியது. பிள்ளைகளுக்கு அவர் பாபாய், சித்தப்பா. ‘டெய்லர் பாபாய் கட்டில் வந்தா பயப்படாதே, அவர் சொல்றதை மட்டும் சொல்லாதே’ என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கட்டிலில் எல்லாரும் தேறினார்கள். தன் புண்ணியம்தான் என்று பைடிராஜு நினைத்துக்கொண்டார்.

சுபாஷிணி என்ற ஸ்ரீகாகுளத்துப் பெண்ணுக்கு மட்டும் இது தெரியாது. அவள் விடுதியில் இல்லை, சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். பரீட்சை முடிந்த சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து பைடிராஜு பதறிப்போய் ஒரு சோடா வாங்கி வந்தார்.

“அழாதம்மா. நான்தான் மெதுவா சொல்லிக்கொடுத்தேனே, அதக்கூடச் சொல்லலியா நீ?”

“சொன்னேன் பாபாய்! அதத்தான் சொன்னேன்!” என்று அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

“அப்படின்னா பரீட்சை வைக்கறவங்க சரியில்லம்மா” என்றார் பைடிராஜு. “இந்த வருஷம் புது ஆளுங்க. கேக்கும்போதே மூஞ்சி சரியில்ல.”

இப்படி எத்தனையோ பரீட்சைகள் போயின. தலை நரைத்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் சட்டையை மடித்துக் காட்டி மூன்று எலும்பு முனைகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ரவிக்கை தைக்க வந்த பெண்கள் கூடத் தப்ப முடியாது. ஜகதாம்பா செண்டரிலிருந்து துறைமுகம் வரை தன்னைப் போல ஒரு கை கிடையாது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது எர்ரய்யாவால்.

எர்ரய்யா பீமிலிப் பக்கத்துக் கள் இறக்கி. அந்த வருஷம் பரீட்சைக்குப் போன பைடிராஜு, ஜன்னலோரத்தில் தனக்கென்று இருக்கும் கட்டிலில் வேறு யாரோ ஒருவன் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தார்.

“இது என் கட்டில்” என்றார்.

“உன் பேர் போட்டிருக்கா?” என்றான் எர்ரய்யா கண்ணைத் திறக்காமல்.

“உனக்கு என்னய்யா கோளாறு?”

எர்ரய்யா கையை நீட்டிக் காட்டினான். முழங்கை வெளிப்பக்கமாக, தாராளமாக, கோடாலிக் காம்பு பிளந்தது போல் விலகிப் போயிருந்தது. போதாததற்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கியாக மடங்கியிருந்தன.

“சின்ன வயசுல பனையிலேர்ந்து விழுந்தேன். எலும்பு வளர வளர நரம்பை இழுத்துச்சாம். இப்ப ரெண்டு விரல் செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு பைடிராஜுவின் கையை மேலும் கீழும் பார்த்தான். “உன்னுது உள்பக்கம்தானே? அது ஊருக்கு ஊர் கெடக்கு அண்ணா. எங்க தெருவுலயே ரெண்டு பேருக்கு இருக்கு.”

பைடிராஜுவுக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. நேரே சோமயாஜுலுவைத் தேடிப் போனார். ஆனால் அவருக்கு அன்று காது, கண் எல்லாம் எர்ரய்யா மேல்தான்.

“பாத்தியாய்யா அவன் கையை? எலும்புக் கேள்வியும் கேக்கலாம், நரம்புக் கேள்வியும் கேக்கலாம்! ஒரே கையில ரெண்டு பரீட்சை!”

“பாபு, அப்ப நான்?”

“நீ இரேன். அவன் எங்கயாவது குடிக்கப் போயிட்டா தேவைப்படும்.”

எர்ரய்யா எங்கேயும் போகவில்லை. பைடிராஜு நாள் முழுக்க வராந்தா பெஞ்சில் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் சட்டையைக் கழட்டச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து, “அடடா! அந்த விரலைப் பாருங்க!” என்று சோமயாஜுலுவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். அப்பயம்மா கோங்கூரப் பச்சடியைப் பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

“யாராவது செத்துட்டாங்களா?”

“என்னை வேணாம்னுட்டாங்க.”

நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து வெகுநேரம் பாத்திரங்களோடு சேர்ந்து அவளும் குலுங்கும் சத்தம் கேட்டது.

அதற்குச் சில நாள் முன்னால்தான் சுபாஷிணி கோட்டு தைக்கக் கொடுக்கக் கடைக்கு வந்திருந்தாள். அழுத பெண் இப்போது எலும்பு அறுவை டாக்டர், அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியை. “பாபாய், என்னை ஞாபகம் இருக்கா? உங்க கட்டில்ல ஆறு மாசம் போச்சு எனக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே, “இந்தக் கையை நேராக்கலாம் தெரியுமா? செஞ்சுக்கறீங்களா?” என்று கேட்டிருந்தாள். கிரீடத்தைக் கழட்டிவைக்கச் சொன்னது போல் பைடிராஜு அப்போது விலகிக்கொண்டார். இப்போது கோட்டை வாங்க வந்தவளிடம் அவரே கேட்டார்.

“அம்மா, நேராக்கலாம்னு சொன்னியே. நாளைக்கே செய்வியா?”

“என்ன பாபாய் திடீர்னு? கை வலிக்குதா?”

“மனசு வலிக்குதும்மா.”

அவள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். கை வேலை செய்கிறது, வலி இல்லை, அழகுக்காகத்தான் செய்வது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். கோபத்தில் இருக்கிறவனுக்கு யோசனை ஏது? அப்பயம்மா மட்டும் சந்தோஷம் தாங்காமல், “வாளி தூக்கலாம் இல்லம்மா? ரெண்டு கையிலயும்?” என்று ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாள்.

தேதி குறித்த பிறகுதான் பைடிராஜுவுக்கு உறைத்தது. தன் கட்டிலில் தோற்றுப்போன பெண். அழுத பெண். இப்போது அவள் கையில் கத்தி.

“பழி வாங்குவாளோ?” என்று அப்பயம்மாவிடம் கேட்டார்.

“வாங்கட்டும். இருக்கற கோணலுக்கு மேல என்ன கோணலாக்கிட முடியும்?”

அறுவைக்கு அவரை மயக்கவில்லை. கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறைச் சத்தம் கேட்டது. உளியில் சுத்தி, டொக், டொக்.

“அம்மா, என்னம்மா பண்றே?”

“எலும்புல வெளிப்பக்கமா முக்கோணமா ஒரு துண்டு எடுக்கறோம் பாபாய். எடுத்துட்டு ரெண்டு விளிம்பையும் சேத்தா கை வெளியே திரும்பிடும்.”

பைடிராஜு கொஞ்ச நேரம் யோசித்தார். “டாட் பிடிக்கறியா?”

“என்னது?”

“ரவிக்கைக்கு டாட் பிடிக்கற மாதிரி. ஒரு பக்கம் துணியை முக்கோணமா மடிச்சுத் தச்சா துணி வளையும்.”

“அதேதான் பாபாய்!” என்றாள் சுபாஷிணி. “இங்க நூலுக்குப் பதிலா ஸ்க்ரூ, கம்பி.” அவளுக்கு அன்றைக்கு நல்ல மனநிலை போல. “சரி, நீங்க சொல்லுங்க. இப்ப நான் வெட்டறது எந்த எலும்பு?”

பைடிராஜு தயங்கவே இல்லை. “அல்னா.”

அந்தப் பக்கம் சுத்தி நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நர்ஸ் ஒருத்தி, “டாக்டர், சிரிச்சா கை ஆடும்” என்றாள். பிறகு சுபாஷிணி தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹியூமரஸ் பாபாய். ஹியூமரஸ். மேல இருக்கற எலும்பு” என்றாள். ஒரு சொல்லுக்காக ஆறு மாசம் இழந்தவள் அதை அன்றைக்குத்தான் உரியவரிடம் சேர்த்தாள்.

“அப்படியா?” என்றார் பைடிராஜு. இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளிடம் என்ன சொன்னோம் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. பச்சைத் துணியைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

மறுநாள் வார்டைச் சுற்றி வந்த சோமயாஜுலு அந்தக் கட்டிலருகே நின்றார். மாவுக்கட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

“இது யாரு?”

“டெய்லர் பைடிராஜு சார்” என்றாள் சுபாஷிணி. “முழங்கையை நேராக்கிட்டோம்.”

மூன்று வார்டு அல்ல, எல்லா வார்டிலும் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“யாரைக் கேட்டுச் செஞ்சே? என் பரீட்சைக் கையை யாரைக் கேட்டு வெட்டினே?”

“சார், கை அவருது. நீங்க லீவுல போனப்ப உங்க எடத்துல இருந்தவர்தான் கையெழுத்துப் போட்டாரு.”

“அதான் எனக்குத் தெரியல! ஒரேய் பைடிராஜு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் பாபு வராந்தாவுல உக்கார வச்சீங்க” என்றார் பைடிராஜு, சுவரைப் பார்த்துக்கொண்டு. “எர்ரய்யா இருக்கானே. ரெண்டு பரீட்சைக்கு ஒரே கை.”

“எர்ரய்யாவா? அவன் கல்கத்தாப் பக்கம் மச்சினன்கூடப் போயிட்டான்யா! வரமாட்டானாம்!” என்று சோமயாஜுலு நெற்றியில் அடித்துக்கொண்டார். கோபமும் துக்கமும் கலந்து வந்ததில் அவரால் மேற்கொண்டு கத்தக்கூட முடியவில்லை. கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையைச் சரி செய்வது போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மாவுக்கட்டுப் பிரித்தபோது கை நேராக இருந்தது. ஆனால் மடங்கவில்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டிப் பழக்கினாள். பைடிராஜு அலறிய அலறலில் பக்கத்து அறையில் நரம்பு வைத்தியத்துக்கு வந்தவர் வேண்டாமென்று எழுந்து போய்விட்டாராம். கை பழையபடி ஆனதும் வீட்டில் முதலில் நடந்தது, வாசலில் இரண்டு வாளிகள் வந்து உட்கார்ந்ததுதான்.

“இது எதுக்கு?” என்றார்.

“குழாய்ல தண்ணி வருது மாவா.”

“டாக்டரம்மா பாரம் தூக்கக் கூடாதுன்னு…”

“நான் நேத்தே கேட்டுட்டேன். தூக்கலாமாம். தூக்கினா நல்லதாம்.”

தெருவே பார்த்தது. டெய்லர் பைடிராஜு இரண்டு கையிலும் வாளியோடு மேட்டில் ஏறினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பயம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “என்ன வதினா, இன்னிக்கு ராணியம்மா மாதிரி வர்றீங்க?” என்று கேட்டதற்கு, “எலும்புல டாட் பிடிச்சுட்டாங்க” என்றாள்.

கடையில்தான் நிலைமை மோசம். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் இடது கை ஊசிக்குப் பக்கத்தில் வரமாட்டேன் என்றது. பழக்கத்தில் கையைச் செலுத்தினால் தையல் அந்தப் பக்கம் ஓடும். ஒரு மாணவனின் கோட்டில் இரண்டு சட்டைப்பையும் இரண்டு உயரத்தில் வந்தன. அவன் அதைப் போட்டுக்கொண்டு போய் வார்டில் திட்டு வாங்கிவிட்டு வந்தான். கிழிசல் துணியில் நேர்த்தையல் போட்டுப் போட்டுப் பழகினார், முதன்முதலாகத் தொழில் கற்றுக்கொள்ள வந்தவரைப் போல. ஆசையாக அறுத்துக்கொண்ட கை இது, யாரிடம் குறை சொல்வது? பழக நெடுநாள் ஆயிற்று. ஊசியைப் பார்த்து உடம்பைத் திருப்பி, ஸ்டூலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திப் போட்ட பிறகுதான் சரிப்பட்டது.

சோமயாஜுலு ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து ஒரு முற்பகலில் கைத்தடியோடு கடைக்கு வந்தார். கையில் ஒரு பேண்ட்.

“ஏமோய், நீ தச்சதுதான். வலது கால் தரையில இழுக்குது. ஒரு காலை நீளமா தச்சு வச்சிருக்கே.”

பைடிராஜு அளந்து பார்த்தார். இரண்டு காலும் ஒரே நீளம்.

“பேண்ட்டு சரியா இருக்கு பாபு. போட்டுக் காட்டுங்க.”

கிழவர் போட்டுக்கொண்டு நின்றார். வலது முழங்கால் வில்லாக வெளியே வளைந்திருந்தது. அவர் கடைக்குள் நாலு அடி நடந்ததுமே பைடிராஜுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் புரியவில்லை. வாழ்நாள் பூராவும் மற்றவர் மூட்டைப் பார்த்தவர்.

“எனக்குத் தெரியும்யா” என்றார் சோமயாஜுலுவே, ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து. “உள்பக்கத்து மெத்தை தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் ஒரசுது. மாத்து மூட்டு வைக்கணும்.”

“வச்சுக்கலாமே பாபு. உங்க பிள்ளைங்கதானே அங்க எல்லாரும்?”

“அதான் பிரச்சினை! கத்தி வைக்கப் போறவன் ஒவ்வொருத்தனும் என்கிட்ட எத்தனை மார்க் வாங்கினான்னு எனக்குத் தெரியும். எப்படிய்யா காலைக் கொடுக்கறது?”

“சுபாஷிணியம்மா கை தங்கம்.”

“அவளா? முதல் தடவை ஃபெயிலு. முழங்கைக்கு அல்னான்னு சொன்னா. என் காதால கேட்டேன்.”

பைடிராஜு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். “அது நான் சொன்னது பாபு” என்றார். “அந்தப் பொண்ணுக்கு மட்டுமில்ல. எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் வருஷம் நீங்க அல்னா அல்னான்னு கத்தினீங்க. நான் அதான் சரின்னு நெனச்சேன்.”

சோமயாஜுலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான கத்தல் வரப்போகிறது என்று பைடிராஜு தோளைக் குறுக்கிக்கொண்டார். கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி இருமிக் கைத்தடி கீழே விழுந்து, பக்கத்து டீக்கடைக்காரன் தண்ணீரோடு ஓடிவந்தான்.

“எத்தனை பேருய்யா… என் கையால எத்தனை பேரை ஃபெயிலாக்க வச்சே… வலிக்குமாய்யா?” என்று கேட்டார் திடீரென்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எது பாபு?”

“அறுவைதான்.”

பயிற்சி அறையில் தான் போட்ட அலறல் பைடிராஜுவுக்கு நினைவு வந்தது. “துளிக்கூட வலிக்காது பாபு” என்றார்.

அந்த மாதம் கிழவருடைய பேண்ட்டுகளின் வலது காலையெல்லாம் பைடிராஜு சுருக்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே சுபாஷிணி முழங்கால் மூட்டை மாற்றினாள். மூன்றாம் நாள் பயிற்சி தொடங்கியதும் சோமயாஜுலு, “பைடிராஜு! பொய்க்காரப் பயலே!” என்று போட்ட சத்தம் எதிர்ச் சரிவில் கடை வரைக்கும் கேட்டது. பைடிராஜு மிஷினை நிறுத்திவிட்டு ஒரு கணம் காது கொடுத்தார். பிறகு அப்பயம்மா சமைத்துக் கொடுத்த பப்புச்சாற்றை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு மேடேறினார்.

கால் நேரானது. கொஞ்ச நாளில் கிழவர் தடி இல்லாமல் கடைக்கு நடந்து வந்தார். அன்று அவர் பின்னால் வேலைக்காரன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவிழ்த்தால் அவருடைய பேண்ட்டுகள் அத்தனையும். கால் வளைந்திருந்த காலத்தில் வலப்பக்கத்தை மடித்து மடித்துச் சுருக்கிக் கொடுத்தவை.

“வலது கால் எல்லாம் இப்ப கணுக்காலுக்கு மேல நிக்குது” என்றார் சோமயாஜுலு. “பிரிச்சு விடு.”

பைடிராஜு ஒன்றை எடுத்து மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். “பிரிக்கறதுக்குத் துணி இல்ல பாபு. மிச்சத்த அப்பவே வெட்டிட்டேன்.”

“யாரைக் கேட்டுய்யா வெட்டினே?”

“கால் இப்படி நிமிரும்னு யாருக்கு பாபு தெரியும்?”

இருவரும் அந்தப் பேண்ட்டின் இரண்டு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சண்டை போட்டார்கள்.